மாடி அறையின் ஒரு மணி நேரம்

செவ்வாய், வெள்ளி இரண்டு நாளும் சாயங்காலம் திலகவதி மாடி அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள். காதில் ஹெட்செட் மாட்டியிருப்பதால் எதிர்முனையில் பேசுகிறவரின் குரல் வெளியே வராது. ஆலங்குடி கடைத்தெருவில் கடலை மண்டியை அடைத்துவிட்டு வீட்டுக்கு வரும் சிவபிரகாஷ் மாடிப்படிக்குக் கீழே நின்று காது கொடுப்பான். மனைவியின் மௌனம்தான் கேட்கும். நெடுநேரம் ஒன்றும் இருக்காது. பிறகு மெதுவாக ஒரு கேள்வி. மறுபடியும் மௌனம். எப்போதாவது சிரிப்பாள்.

அந்த மௌனம்தான் அவனைச் சுட்டது. திலகவதி பேசாமல் இருக்கிறாள் என்றால் யாரோ பேசுவதைக் கேட்டுக்கொண்டிருக்கிறாள். வேறு எந்த வேலையும் பார்க்காமல் கேட்டுக்கொண்டிருக்கிறாள். அவன் பேசும்போது அவள் வெங்காயம் உரிப்பாள், துணி மடிப்பாள், அடுப்பில் பால் பொங்குகிறதா என்று எட்டிப் பார்ப்பாள். கடலை விலை சரிந்ததையும் லாரிக்காரர் காக்க வைத்ததையும் அவன் சொல்லச் சொல்ல, "ம்" என்பாள். கல்யாணமாகி இருபது வருஷத்துக்கு மேல் ஆகியும் அவன் பங்குக்கு வந்தது அந்த "ம்" ஒன்றுதான் என்று சிவபிரகாஷுக்குத் தோன்றியது.

திலகவதி திருச்சியில் ஒரு கம்பெனியின் பணியாளர் பயிற்சிப் பிரிவில் இருந்தவள். கொரோனாவின்போது திருச்சிக் கிளையை மூடிவிட்டு வீட்டிலிருந்தே வேலை பார்க்கச் சொன்னார்கள். பார்த்தாள். பார்த்துக்கொண்டே கோச்சிங் படிக்க ஆரம்பித்தாள். ஆலங்குடியில் கோச்சிங் என்றால் நீட் கோச்சிங், இல்லாவிட்டால் போலீஸ் பரீட்சை கோச்சிங். இவளுடையது வேறு. வேலையிலோ வாழ்க்கையிலோ முட்டுச்சந்தில் நிற்கிற ஒருவரோடு உட்கார்ந்து, புத்தி சொல்லாமல், கேள்வி கேட்டுக் கேட்டு அவராகவே ஒரு வழியைக் கண்டுகொள்ள உதவுவது. வெளிநாட்டுச் சங்கம் ஒன்று அதற்குச் சான்றிதழ் கொடுக்கிறது. அந்தச் சான்றிதழ் இருந்தால்தான் பெரிய கம்பெனிகள் கூப்பிடும். அதற்குக் குறிப்பிட்ட அளவு ஆட்களோடு பேசிப் பழகியிருக்க வேண்டும், கடைசியில் ஒரு பரீட்சையும் எழுத வேண்டும்.

இதையெல்லாம் அவள் ஒருமுறை அவனுக்குச் சொல்லியிருக்கிறாள். அவன் அரைகுறையாகக் கேட்டான். மண்டியில் கணக்குப் பார்க்கும் கண்ணுசாமி விசாரித்தபோது, வீட்டில் டியூசன் மாதிரி ஏதோ எடுக்கிறது என்று சொல்லி வைத்தான்.

செவ்வாய், வெள்ளிக்கு வருகிற ஆளின் பெயர் வசந்தகுமார் என்பது அவனுக்குத் தற்செயலாகத்தான் தெரிந்தது. சாப்பாட்டு மேசையில் கிடந்த அவளுடைய போனில் அந்தப் பெயரோடு நினைவூட்டல் வந்து நின்றது. அன்றைக்கு இரவுச் சாப்பாட்டின்போது, யார் அந்த வசந்தகுமார் என்று கேட்டான். ஓசூரில் ஒரு ஃபேக்டரியில் மேனேஜர், நம் அன்னவாசல் பக்கத்து ஆள்தான் என்றாள். அப்படி என்னதான் பேசுகிறான் என்று கேட்டான்.

"அத சொல்லக் கூடாதுங்க. யாருகிட்டயும் சொல்ல மாட்டேன்னு அவங்களுக்கு வாக்குக் குடுத்துட்டுத்தான் ஆரம்பிக்கிறோம்."

"நான் யாரோவா?"

அவள் சிரித்துவிட்டு அவன் தட்டில் ரசம் ஊற்றினாள். அந்தச் சிரிப்பை அவனால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. தன் வீட்டுக்குள், தன் தலைக்கு மேலே, தனக்குத் தெரியக் கூடாத ஒன்று வாரத்துக்கு இரண்டு தடவை நடக்கிறது. அதற்குத் தன் மனைவியும் முன்பின் பார்க்காத ஒருவனும் சேர்ந்து கதவு போட்டிருக்கிறார்கள்.

தவறாக எதுவும் நடக்கவில்லை என்பது அவனுக்குத் தெரியும். தெரிந்தும் அடங்கவில்லை. செவ்வாய்க்கிழமை காலையிலேயே மனம் கடுகடுவென்று ஆகிவிடும். மண்டிக்கு மூட்டை கொண்டுவரும் சம்சாரிகளிடம் எரிந்து விழுவான். வீட்டுக்கு வந்தால் அவள் அன்றைக்கு என்ன சேலை கட்டியிருக்கிறாள் என்று பார்ப்பான். கண்ணுக்கு மை வைத்திருந்தால் ஏன் என்று யோசிப்பான். ஒரு தடவை டீ கொண்டுபோகிற சாக்கில் கதவைத் தட்டினான். அவள் எழுந்து வந்து கதவை ஒரு சாணளவு திறந்து, டம்ளரை வாங்கிக்கொண்டு, வாய் திறக்காமல் தலையசைத்துவிட்டு மூடினாள். அந்த ஒரு சாண் இடைவெளியில் லேப்டாப் வெளிச்சம் மட்டும்தான் தெரிந்தது.

அடுத்த வெள்ளிக்கிழமை மேலேயிருந்து அவளுடைய சிரிப்பு வந்தது. அது அவனுக்கு மறந்துபோயிருந்த சிரிப்பு. கல்யாணமான புதிதில் கேட்டது. சிவபிரகாஷ் எழுந்துபோய் டிவிக்குப் பக்கத்தில் பச்சை விளக்கு மினுங்கிக்கொண்டிருந்த இன்டர்நெட் மோடத்தின் சுவிட்சை அணைத்தான். சற்றுப் பொறுத்துத் திரும்பப் போட்டான்.

திலகவதி படியில் ஓடி இறங்கி வந்தாள். என்ன ஆயிற்று என்று கேட்டாள். கரண்ட் போய்விட்டு வந்தது என்றான். தலைக்கு மேலே ஃபேன் ஒரே வேகத்தில் சுற்றிக்கொண்டிருந்தது. அவள் ஃபேனைப் பார்த்தாள், மோடத்தைப் பார்த்தாள், அவனைப் பார்க்கவில்லை. போனை எடுத்துக்கொண்டு மொட்டை மாடிக்குப் போய்விட்டாள். தென்னை மரத்தடியில் நின்று அவன் அண்ணாந்து பார்த்தபோது, அவள் போனைக் காதில் வைத்தபடி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக நடந்துகொண்டிருந்தாள். தலை குனிந்து, எதிரே ஆள் நிற்பதுபோலக் கவனமாகக் கேட்டுக்கொண்டே நடந்தாள். அவள் அறைக்குள் இருந்தபோது கற்பனையில் மட்டும் தெரிந்ததை அன்றைக்கு அவன் கண்ணால் பார்க்க வேண்டியதாயிற்று.

சித்திரையில் தன் ஊர்த் திருவிழாவுக்கு வந்த வசந்தகுமார், இவ்வளவு தூரம் வந்ததற்கு மரியாதைக்குப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று மனைவியோடு வீட்டுக்கே வந்துவிட்டார். சிவபிரகாஷ் எதிர்பார்த்திருந்தது வேறு ஆளை. வந்தவர் குள்ளமாக, முன்வழுக்கையோடு, வாங்கி வந்த மிட்டாய்ப் பெட்டியை எங்கே வைப்பதென்று தெரியாமல் மடியிலேயே வைத்துக்கொண்டிருந்தார். பேச்சிலும் கூச்சம். அவர் மனைவி சொர்ணம்தான் கலகலப்பாகப் பேசினாள். முன்பெல்லாம் இவர் ஃபேக்டரியிலிருந்து வந்தால் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பார், இப்போது நான் என்ன சொன்னேன் என்று திருப்பிக் கேட்கிறார் என்றாள். திலகவதி வேறு பேச்சுக்கு மாற்றப் பார்த்தாள். வசந்தகுமார் கிளம்பும்போது சிவபிரகாஷின் கையைப் பிடித்துக்கொண்டு, நீங்கள் கொடுத்து வைத்தவர் என்றார்.

அதன் பிறகு நிம்மதி வந்திருக்க வேண்டும். வரவில்லை. கோபித்துக்கொள்ள ஒரு நல்ல காரணம் கையை விட்டுப் போய்விட்டது, அவ்வளவுதான். இப்போது சொர்ணத்தைப் பார்த்தும் அவனுக்குப் பொறாமையாக இருந்தது. அவன் மனைவியின் நேரத்தால் ஓசூரில் இன்னொரு வீடு நன்றாக இருக்கிறது.

இதற்கிடையில் திலகவதி பரீட்சைக்குப் படித்து முடித்திருந்தாள். பரீட்சை என்றால் விதிகள், வரையறைகள், எந்தத் திறமைக்கு என்ன பெயர், எது நெறிமுறைக்கு உட்பட்டது, எது உட்படாதது. அத்தனையும் அவளுக்கு மனப்பாடம். புதுக்கோட்டை பஸ்ஸில் போகும்போதுகூட உதடு அசையும். திருச்சி மையத்தில் தேதி கிடைப்பதற்காகக் காத்திருந்தாள். அப்போதுதான் சங்கத்திலிருந்து மெயில் வந்தது. பரீட்சை முறையை மாற்றிவிட்டார்கள். இனிமேல் மனப்பாடக் கேள்வி கிடையாது. ஒரு சூழ்நிலையைச் சொல்லி, கோச் என்ன செய்யலாம் என்று நான்கு வழிகளைக் கொடுப்பார்கள். அதில் மிகச் சிறந்தது எது, மிக மோசமானது எது, இரண்டையும் குறிக்க வேண்டும். பழைய முறைக்கு மிச்சமிருந்த தேதிகளில் திருச்சி, மதுரை, சென்னை எல்லாமே நிரம்பிவிட்டன.

திலகவதி லேப்டாப்பை மூடிவிட்டுக் கீழே இறங்கி வந்தாள். நான்கும் பார்வைக்கு நியாயமாகவே இருக்கின்றன, எது சிறந்தது என்றுகூடச் சொல்லிவிடலாம், எது மிக மோசம் என்று எப்படிச் சொல்வது என்று அவனிடம் குறைபட்டாள். கோயம்புத்தூரில் படிக்கும் மகள் ரம்யாவோடு போனில் ஒன்றிரண்டு நாள் பயிற்சி பார்த்தாள். ரம்யாவுக்கு செமஸ்டர் வந்துவிட்டது. பிறகு ஒரு நாள், விடியற்காலையில் கொஞ்ச நேரம் நீங்கள் இந்தச் சூழ்நிலைகளை வாசிக்க முடியுமா, வாசித்துவிட்டு உங்களுக்குத் தோன்றுவதைச் சொன்னால் போதும், நான் அதோடு மல்லுக்கட்டிப் பார்க்கிறேன் என்றாள்.

அவன் பி.காம். படித்தவன். ஆங்கிலம் வாசிப்பான். மறுநாள் காலை முதன்முதலாக அந்த மாடி அறைக்குள் போய் உட்கார்ந்தான். திலகவதி கதவைச் சாத்தினாள். அந்தச் சத்தம் உள்ளேயிருந்து கேட்கும்போது வேறு மாதிரி இருந்தது.

அந்தக் காலைகள் அவனுக்குப் பிடித்துப்போயின. மண்டியைத் திறக்கும் நேரம் தள்ளித் தள்ளிப் போனது. ஒருவர் வேலையை விடுவதா வேண்டாமா என்று கேட்கிறார். ஒருவர் பேசிக்கொண்டிருக்கும்போதே அழுகிறார். ஒருவர் வாரா வாரம் ஒரே கதையைச் சொல்கிறார். சிவபிரகாஷ் சூழ்நிலையை வாசித்துவிட்டு உடனே விடையும் சொல்லிவிடுவான். அவனுக்கு எப்போதும் யோசனை சொல்கிற வழிதான் சரியாகப் படும். வேலையை விடாதே என்று சொல், அழாதே என்று சொல். சில நாளிலேயே திலகவதி ஒரு விஷயத்தைக் கண்டுபிடித்துவிட்டாள்.

"நீங்க மொதல்ல எத எடுக்குறீங்களோ, அதையே மோசமான விடைன்னு குறிச்சிட்டா முக்காவாசி சரியா வருதுங்க."

அவள் விளையாட்டாகச் சொன்னாள். அவனும் சிரித்தான். உள்ளே தைத்தது. ஆனாலும் அந்த அறையை விட்டு வெளியேற அவனுக்கு மனமில்லை. ஒரு சூழ்நிலைக்கு அவள் விடை சொன்ன பிறகும் அப்படியும் இருக்கலாமே என்று இழுப்பான். முன்பு வசந்தகுமார் மேல் இருந்த எரிச்சல் இப்போது பரீட்சைத் தேதியின் மேல் திரும்பியது. பரீட்சை முடிந்துவிட்டால் இந்தக் காலைகளும் முடிந்துவிடும்.

ஒரு நாள் வந்த சூழ்நிலை இது. ஒரு பெண் கோச்சிங்குக்கு வருகிறாள். அவள் பேசுவது அவள் கணவனுக்குப் பிடிக்கவில்லை. அவன் கோச்சைக் கூப்பிட்டு, என் மனைவி உங்களிடம் என்ன சொல்கிறாள் என்று கேட்கிறான். சிவபிரகாஷ் வாசித்து முடித்துவிட்டு, நான்கு வழிகளையும் வாசிக்காமல் தாளை மடியில் வைத்தான்.

"அன்னைக்கு கரண்ட் போகல" என்றான்.

"தெரியும்."

"தெரிஞ்சும் ஏன் கேக்கல?"

"கேட்டா இன்னொரு பொய் சொல்வீங்க. அதையும் நான் கேட்டுக்கிட்டு நிக்கணும்."

அவனுக்கு அதுவரை அடக்கி வைத்திருந்ததெல்லாம் வாய்க்கு வந்துவிட்டது. ஊரில் உள்ளவனுக்கெல்லாம் நீ ஒரு மணி நேரம் கொடுக்கிறாய், எனக்கு என்ன கொடுத்தாய், நான் பேசினால் வெங்காயம் உரிக்கிறாய் என்றான். சொல்லும்போதே சின்னப் பிள்ளையின் புகார் மாதிரி இருப்பது அவனுக்கே தெரிந்தது. அவள் சமாதானம் சொல்வாள் என்று நினைத்தான். கோச் மாதிரி மெதுவாக ஒரு கேள்வி கேட்டிருந்தாலும் அவனுக்குப் போதும்.

அவளுக்குக் கோபம் வந்தது. "நீங்க பேசுனதெல்லாம் கேட்டுட்டுத்தான் இருக்கேன். வெங்காயம் உரிச்சாலும் காது தொறந்துதான் இருக்கு. நான் பேசுனத நீங்க என்னைக்குக் கேட்டீங்க? இந்தப் பரீட்சைய ஏன் எழுதுறேன்னு ஒங்களுக்குத் தெரியுமா?"

தெரியாது என்றான். அவள் சொன்னாள். திருச்சிக் கிளையை மூடிய வருஷம் அவளுடைய அம்மாவும் போய்விட்டார். அந்தச் சமயத்தில் கம்பெனி ஏற்பாட்டில் புனேயிலிருந்து ஒரு கோச் அவளோடு சில வாரங்கள் பேசினார். தூக்கமில்லாமல் இருந்ததை, வேலையை விட்டுவிடலாம் என்றிருந்ததை, அவரிடம்தான் சொன்னாள். அவர் ஒரு யோசனையும் சொல்லவில்லை, முழுசாகக் கேட்டார், அவ்வளவுதான் என்றாள். அப்படி ஒருத்தருக்கு நானும் இருக்க வேண்டும் என்று நினைத்தேன் என்றாள்.

"என்கிட்ட சொல்லியிருக்கலாமே" என்றான்.

"சொன்னேன். தைரியமா இருன்னு சொல்லிட்டு மண்டிக்குக் கெளம்பிட்டீங்க."

அவனுக்கு அந்தக் காலை நினைவில் இல்லை. நினைவில் இல்லாதது அவமானமாக இருந்தது. அதைவிட, முகம் தெரியாத அந்தப் புனேக்காரர் தன் மனைவி அழுததைக் கேட்டிருக்கிறார் என்ற எண்ணம் நெஞ்சில் கல்லாக உட்கார்ந்துகொண்டது. அன்றைக்கு அதற்கு மேல் வாசிக்கவில்லை. மறுநாள் வாசித்தார்கள். இருவரும் தாளை மட்டும் பார்த்தார்கள்.

பரீட்சையன்று புதுக்கோட்டை வழியாகத் திருச்சிக்குக் காரில் கூட்டிப் போனான். அவள் மையத்துக்குள் போனதும் எதிரே இருந்த டீக்கடையில் உட்கார்ந்தான். நல்லபடியாக எழுத வேண்டும் என்று சாமியைக் கும்பிட வாய் வந்தது, மனம் வரவில்லை. அவள் தேறாவிட்டால் இன்னும் சில மாதம் விடியற்காலையில் அந்த அறை தனக்குக் கிடைக்கும் என்று ஒரு நினைப்பு எட்டிப் பார்த்தது. அதை விரட்டினான். டீயை வாங்கிக் குடித்தான். அது மறுபடியும் வந்து பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டது.

புது முறை என்பதால் முடிவு வர வாரக்கணக்கில் ஆனது. திலகவதி தேறவில்லை. கொஞ்சத்தில் தவறிப்போயிருந்தது. மெயிலைப் படித்துவிட்டு அவள் போனை அவனிடம் நீட்டினாள். போனால் போகிறது, திரும்ப எழுதலாம், நாளைக்கே ஆரம்பிப்போம் என்றான். அவன் குரலில் ஒரு சுறுசுறுப்பு இருந்தது. அதை அவனே கேட்டான். அவளும் கேட்டுவிட்டாள். மாதக்கணக்கில் முகம் தெரியாதவர்களின் குரலில் ஒளிந்திருப்பதைக் கண்டுபிடித்துப் பழகியவள் அவள்.

"வேணாங்க. இந்தத் தடவ நான் வேற ஆளோட படிக்கிறேன்" என்றாள்.

அவன் ஏன் என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவள் சொல்லியிருப்பாள்.

வந்தவள் மணிமேகலை. புதுக்கோட்டையில் கல்லூரிப் பிள்ளைகளுக்கு நேர்முகத் தேர்வுப் பயிற்சி கொடுப்பவள். அதே பரீட்சையில் அவளும் தவறியிருந்தாள். ஞாயிற்றுக்கிழமைகளில் ஸ்கூட்டியில் ஆலங்குடிக்கு வருவாள். இருவரும் மாடி அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார்கள். இப்போது உள்ளேயிருந்து பேச்சும் சண்டையும் கேட்டன. "அது எப்படி மோசமாகும்?" என்று மணிமேகலை சத்தம் போடுவாள். திலகவதி விடாமல் வாதாடுவாள். பிறகு இரண்டு பேரும் சேர்ந்து சிரிப்பார்கள். சிவபிரகாஷ் கூடத்தில் டிவியைச் சத்தமில்லாமல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். ஒரு பெண்ணைப் பார்த்து இப்படி எரிய வேண்டியிருக்கிறதே என்று தன்மேலேயே அவனுக்கு வெறுப்பு வந்தது. அவர்கள் தாகத்துக்கு மோர் கலக்கிப் படியில் வைத்துவிட்டு, தட்டாமல் இறங்கி வருவான்.

பரீட்சைக்கு இருவரும் அவர்கள் பாட்டுக்குத் திருச்சிக்குப் போய் எழுதிவிட்டு வந்தார்கள், அவன் ஒன்றும் கேட்கவில்லை. ஐப்பசி மழை பெய்துகொண்டிருந்த ஒரு நாள் மத்தியானம் மண்டிக்கு ரம்யாவின் போன் வந்தது. அப்பா, அம்மா பாஸ், மணிமேகலை அத்தையும் பாஸ் என்றாள். சிவபிரகாஷ் சந்தோஷம் என்றான். போனை வைத்த பிறகுதான் கணக்குப் போட்டுப் பார்த்தான். முதலில் மணிமேகலை, பிறகு மகள், அதற்கும் பிறகுதான் அவன். கண்ணுசாமி என்ன விஷயம் என்று கேட்டார். சம்சாரம் பெரிய பரீட்சை ஒன்று தேறியிருக்கிறாள், டியூசன் இல்லை, வேறு படிப்பு என்றான். வேறென்ன என்று விளக்க ஆரம்பித்தான். பாதிக்கு மேல் அவனுக்கே சரியாகச் சொல்ல வரவில்லை.

வீட்டுக்கு வரும்போது முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் வந்தான். திலகவதி சமையல்கட்டில் நின்று அப்பளம் பொரித்துக்கொண்டிருந்தாள். முகம் மலர்ந்திருந்தது. உங்களுக்கு இரண்டு தடவை போன் போட்டேன், லைன் பிஸியாகவே இருந்தது என்றாள். லாரி விஷயமாக அவன் பேசிக்கொண்டிருந்த நேரம் அது.

ஸ்டூலை இழுத்துப் போட்டு அடுப்புக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்தான்.

"இந்தத் தடவ பரீட்சையில என்ன கேட்டாங்க?" என்றான்.

அவள் அடுப்பை அணைத்துவிட்டுச் சொல்ல ஆரம்பித்தாள். எது எளிதாக இருந்தது, எதில் மாட்டிக்கொண்டாள், மோசமான விடையைத் தேடும்போது மணிமேகலை சொன்ன ஒரு வார்த்தை எப்படிக் கைகொடுத்தது என்றெல்லாம் சொன்னாள். மணிமேகலையின் பெயர் வரும்போதெல்லாம் அவனுக்குச் சுருக்கென்றது. ஒரு இடத்தில் அவள், புனே சாருக்கும் மெயில் போட்டேன், உடனே வாழ்த்தி எழுதினார் என்றாள். எத்தனை நாளாக அவரோடு எழுதிக்கொண்டிருக்கிறாய் என்ற கேள்வி தொண்டை வரை வந்தது. சிவபிரகாஷ் அதை விழுங்கினான். விழுங்கியது உள்ளே இறங்க நேரம் பிடித்தது. அவள் அதைக் கவனித்தாள், ஆனால் பேச்சை நிறுத்தவில்லை. மழை விட்டது. கூடத்தில் அவன் போன் இரண்டு தடவை அடித்து ஓய்ந்தது. அவள் இன்னும் சொல்லிக்கொண்டிருந்தாள்.